வாயுவும் வருணனும்

சென்னைப் பட்டணத்தில் யாரிடமாவது நான் சேத்துப்பட்டுவாசி என்று சொல்லிவிட்டால் போதும், "ஓகோ! எழும்பூருக்கு அடுத்த ஸ்டேஷன் அல்லவா?" என்று உடனே கேட்டுவிடுகிறார்கள். "இல்லை ஐயா, இது ஆரணிச் சீமையிலுள்ள சேத்துப்பட்டு, மின்சார ரெயில் சத்தத்துக்குப் பதிலாகப் பட்டுத் தறிச் சத்தம் கேட்கும் ஊர்" என்று விளக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும். இரண்டு சேத்துப்பட்டுகளுக்கும் பெயரைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். எங்கள் தெருவில் நடந்த ஒரு சம்பவம் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. மூச்சு வாங்குவதைப் பற்றிய சம்பவந்தான் அதுவும்.

எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி ஒரு நெசவாளர் குடும்பம் இருக்கிறது. முப்பது வயதைச் சற்றே தாண்டியவர். அவருடைய பிள்ளை என் வகுப்பில் படிக்கிறான். ஒருநாள் அவருக்கு வலது விலாவில் வலி கண்டது. மூச்சை இழுத்தால் ஊசி போலக் குத்தும். இருமினால் உயிரே போகும். அவருடைய தாயார் கணநேரத்தில் வியாதியை நிர்ணயம் செய்துவிட்டார்.

"வாய்வுதான்டா! தறிக்குழியிலே காலைத் தொங்கவிட்டுக்கிட்டு ராவும் பகலும் உட்கார்ந்திருந்தா வாய்வு பிடிக்காம என்ன செய்யும்?"

ஓமத் தண்ணீர், பெருங்காயம், சுட்ட பூண்டு, தவிட்டு ஒற்றடம் எல்லாம் நடந்தன. "நீங்க என்ன சொல்றீங்க, ஸார்?" என்று என்னையும் கேட்டார்கள். சர்வகலாசாலைப் பட்டம் பெற்றவனாகிய நானும், "வாய்வாகத்தான் இருக்கும்" என்று தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பத்து நாள் கழித்து வலி நின்றுவிட்டது! பாட்டியம்மாள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். அதில் ஒரு மூடி எங்கள் வீட்டுக்கும் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் நாலு முறை மிதியை மிதித்தால் இளைக்க ஆரம்பித்தார். மாலை வேளையில் லேசான ஜுரம். சோற்றைக் கண்டால் வெறுப்பு. தேகமோ நாளுக்கு நாள் மெலிந்தது. ஒருநாள் அந்தப் பையன் கணக்கு நோட்டை நீட்டியபடியே, "ராத்திரியிலே அப்பா படுக்கறதே இல்லை, ஸார். படுத்தா மூச்சு வரலையாம், சுவத்திலே சாஞ்சுக்கிட்டே தூங்கறார்" என்றான். அன்று மாலையே அவரை அழைத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம்.

அங்கே இருந்தவர் இளம் வயது டாக்டர் அம்மாள். அவர் முதலில் எந்த யந்திரத்தையும் நாடவில்லை. நோயாளியின் முதுகில் இடது கைவிரலைப் பதித்து, வலது கை நடுவிரலால் அதன்மேல் தட்டினார். இடப்புறம் தட்டியபோது மிருதங்கத்தைத் தொட்டாற்போல் ஒரு கார்வை கேட்டது. வலப்புறம் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்துக்கு வந்ததும், கருங்கல் சுவரைத் தட்டினாற்போல் 'தட், தட்' என்று ஓசை செத்துவிட்டது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். அவ்விடத்தில் மூச்சின் சத்தமே இல்லை.

"உள்ளே தண்ணீர் கோத்திருக்கிறது" என்றார்.

சந்தையில் பானை வாங்கும் நம் பெண்கள் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறார்கள்? பலாப்பழத்தையும் தேங்காயையும் தட்டாமல் யார் வாங்குவார்? ஆனால் மனிதனுடைய மார்பையும் அவ்வாறு தட்டிப் பார்க்கலாம் என்று 1761-ஆம் வருஷத்தில் புத்தகம் எழுதியவர் ஆஸ்திரிய டாக்டர் ஆவென்புருக்கர் என்பவர். அவருடைய தகப்பனார் விடுதி நடத்தியவர். மதுப் பீப்பாய்களைத் தட்டி, உள்ளே எம்மட்டம் இருக்கிறதென்று அவர் அறிவதைப் பிள்ளை கவனித்து வந்ததாகக் கதை சொல்வார்கள். 1816-ல் பாரிஸ் நகரத்து டாக்டர் லாயனெக் ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார், ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. க்ஷயரோகிகளின் நெஞ்சை ஓயாமல் கேட்ட அந்த மகான் 1826-ல் அதே க்ஷயத்துக்கு இரையானார் என்பது வருத்தந்தரும் விஷயம்.

நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் எப்படி வருகிறது? இதைத் தெரிந்துகொள்ள நமது மார்புக்கூட்டின் அமைப்பைக் கொஞ்சம் அறிய வேண்டும். நுரையீரலைப் போர்த்தபடி ஒரு சவ்வும், விலா எலும்புகளின் உட்புறத்தைப் போர்த்தபடி ஒரு சவ்வும் இருக்கின்றன. இரண்டும் எங்கள் ஊர்ப் பட்டைவிட மெல்லியவை. இவற்றுக்கிடையே இருப்பது ஓரிரு தேக்கரண்டி நீர் மட்டுமே. இரண்டு கண்ணாடித் துண்டுகளை நனைத்து ஒட்டவைத்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குமேயன்றிப் பிரிந்து வராது அல்லவா? அவ்வாறே இச்சவ்வுகளும். நுரையீரல் ரப்பரைப் போல் எப்போதும் சுருங்கப் பார்க்கிறது. விலாக்கூடோ விரியப் பார்க்கிறது. இந்த இழுபறியால் இடைவெளியில் ஓர் உறிஞ்சும் சக்தி உண்டாகி, நுரையீரலை விரித்தே வைத்திருக்கிறது. அந்த இடைவெளியில் வருணன் புகுந்தால் நுரையீரல் நசுங்குகிறது. வாயு புகுந்தால் சுருங்கிப்போகிறது. எவர் புகுந்தாலும் மூச்சுக்கு இடம் குறைகிறது.

ஆரம்பத்தில் வலி இருந்து பிறகு நின்ற மர்மத்தையும் டாக்டர் அம்மாள் விளக்கினார். சவ்வு அழன்று சொரசொரப்பாகும்போது, ஒவ்வொரு மூச்சுக்கும் அது எதிர்ச் சவ்வோடு உராய்ந்து குத்துகிறது. நீர் சேர்ந்ததும் இரண்டும் விலகிவிடுகின்றன, உராய்வு நிற்கிறது, வலியும் நிற்கிறது. அதாவது, வலி போனது வியாதி போனதால் அல்ல, வியாதி வளர்ந்ததால்! நாங்கள் தேங்காய் உடைத்தது எதற்கு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்த விலாச் சவ்வின் அழற்சி பெரியோர், சிறியோர் என்று பார்ப்பதில்லை. 1914-ல் லண்டனில் இருந்தபோது காந்தியடிகளுக்கும் இது கண்டது. பால் அருந்தும்படி டாக்டர் ஜீவராஜ் மேத்தா சொல்லியும், பழ உணவை விடும்படி கோகலே வற்புறுத்தியும், அவர் பாலைத் தொடவில்லை. குளிர் நாட்டில் உடம்பு தேறாமல் அவ்வருஷ டிசம்பரில் கப்பலேறி, 1915 ஜனவரி 9-ந் தேதி பம்பாயில் வந்திறங்கினார். விலா அசைந்து உராயாதிருக்க மார்பைச் சுற்றிப் பிளாஸ்திரி போட்டு இறுக்குவது அக்கால வழக்கம். மேத்தா போட்டனுப்பிய பிளாஸ்திரியைக் கப்பலில் தாங்க முடியாமல் மகாத்மா தாமே பாடுபட்டுப் பிரித்தெடுத்தாராம். இன்று யாரும் விலாவை இறுக்கிக் கட்டுவதில்லை. மூச்சைக் குறைப்பது நுரையீரலுக்குக் கெடுதல் என்று கண்டுகொண்டார்கள். மகாத்மாவின் மனவுறுதியை நாம் பின்பற்றலாம். அவருடைய வைத்திய முறையைப் பின்பற்ற வேண்டியதில்லை.

இது நிற்க. எக்ஸ்ரே படத்தில் வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளையாக மறைந்திருந்தது. மார்பின் எக்ஸ்ரேயில் தெரிவதற்குச் சுமார் 200 மில்லி நீராவது சேர்ந்திருக்க வேண்டுமாம். அல்ட்ராசவுண்ட் கருவியோ அதைவிடக் குறைந்த நீரையும் காட்டுவதுடன், ஊசியை எங்கே செலுத்தலாம் என்றும் வழிகாட்டுகிறது. நோயாளியை உட்காரவைத்து, மரக்கச் செய்து, ஒரு விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி ஊசியைச் செலுத்தினார்கள். கீழ் விளிம்பை ஒட்டி ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுவதால் அந்தப் பக்கம் போகக்கூடாதாம். வைக்கோல் நிறத்தில் நீர் இறங்கிற்று. ஒரு லிட்டருக்குச் சற்று மேலானதும் நிறுத்திவிட்டார்கள்.

"முழுசும் எடுத்துடுங்கம்மா" என்று பாட்டியம்மாள் கெஞ்சினார்.

"ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்குமேல் எடுப்பது நல்லதல்ல, பாட்டி. நசுங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் ஊறிவிடும். தண்ணீரை எடுப்பது பெரிய காரியமல்ல, இது எங்கேயிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் காரியம்" என்றார் டாக்டர்.

கூரையில் ஒழுகும் வீட்டில், தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தால் ஆயிற்றா? ஓட்டைத் தேட வேண்டாமா? இந்தத் தேடலுக்கு 1972-ல் அமெரிக்க டாக்டர் ரிச்சர்டு லைட் ஒரு நல்ல அளவுகோல் வகுத்துக் கொடுத்தார். எடுத்த நீரிலுள்ள புரதத்தையும், எல்.டி.எச். என்னும் நொதியையும் ரத்தத்தில் உள்ளவற்றோடு ஒப்பிட வேண்டும். நீரிலுள்ள புரதம் ரத்தத்திலுள்ளதில் பாதிக்குமேல் இருந்தால் சவ்விலேயே நோய் என்று கொள்வர். நொதிக்கும் அத்தகைய கணக்கு உண்டு. குறைவாயிருந்தால், சவ்வு ஆரோக்கியமானதே. இருதயம் தளர்ந்தோ, ஈரலோ சிறுநீரகமோ கெட்டோ, நீர் கசிந்து வந்திருக்கிறது. அப்போது மருந்து அந்த உறுப்புக்கே வேண்டும். நீர் சீழாயிருந்தால் குழாய் வைத்து வடிக்காமல் தீராது. ரத்தம் கலந்திருந்தால், முக்கியமாக வயோதிகர்களுக்கு, புற்றுநோயா என்று பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் இளம் வயதினருக்குச் சவ்வில் நீர் கோத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது க்ஷயரோகத்தை, அதாவது இன்று காசநோய் எனப்படுவதை. எங்கள் நெசவாளருக்கும் அதுவே என்று நிச்சயமாயிற்று. இந்த நீரில் கிருமிகள் மிகச் சொற்பமாகவே இருக்குமாதலால் அவை எளிதில் கண்ணில் அகப்படுவதில்லை. ஆகையால் நீரிலுள்ள அணுக்களின் வகை, ஏ.டி.ஏ. என்னும் இன்னொரு நொதியின் அளவு, சளிப் பரிசோதனை, சில சமயம் சவ்விலிருந்து கிள்ளிய சிறு துணுக்கு என்று பல சாட்சிகளைக் கூட்டித்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தீர்ப்பைக் கேட்டதும் வீட்டில் அழுகுரல் எழுந்தது. "பொண்ணு கலியாணத்துக்கு நிக்கறா, ஊருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? எந்த ஊரிலே கொண்டுபோய்ப் போடுவாங்களோ!" என்று நெசவாளரின் தங்கையை நினைத்துப் பாட்டியம்மாள் புலம்பினார். அவர் நினைவில் இருந்தது பழைய காலம். அந்தப் பயத்துக்கு ஒரு காரணமும் இருந்தது.

மருந்தே இல்லாத நாளில் க்ஷயரோகிகளுக்கு நல்ல காற்றும் ஓய்வும் உணவுந்தான் கதி. 1928-ல் டாக்டர் சவுரிமுத்து தாம்பரத்தில் ஒரு சானடோரியம் ஏற்படுத்தினார்; 1937-ல் அதை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அந்த நாட்களில் உலகெங்கும் சானடோரியங்களில் கையாண்ட ஒரு சிகிச்சையைக் கேட்டால் நேயர்கள் ஆச்சரியப்படுவார்கள். புண்பட்ட நுரையீரல் அசையாமல் ஓய்ந்திருந்தால் ஆறும் என்று எண்ணி, டாக்டர்கள் தாங்களே ஊசி வழியாகச் சவ்வுகளுக்கிடையே காற்றைச் செலுத்தி அதைச் சுருங்க வைத்தார்கள்! 1882-ல் இத்தாலிய டாக்டர் ஃபோர்லானினி சொன்ன யோசனை இது. செலுத்திய காற்றை உடல் உறிஞ்சிவிடும், ஆகவே சில வாரங்களுக்கொரு முறை மறுபடியும் நிரப்ப வேண்டும், வருஷக்கணக்கில் இப்படி. வாயுவை வரவழைத்த இடத்தில் பல சமயம் வருணனும் அழையாமலே வந்து சேர்ந்ததுண்டு. 1940-களில் ஸ்டிரெப்டோமைசினும், 1952-ல் ஐசோனியாசிட்டும் வந்தபிறகே இந்த வேதனை ஒழிந்தது.

மருந்து வந்தும் ஒரு கேள்வி பாக்கியிருந்தது. லட்சக்கணக்கான ஏழைகளுக்குச் சானடோரியத்தில் படுக்கைக்கு எங்கே போவது? இதற்கு விடை கண்ட இடந்தான் அந்த மற்றொரு சேத்துப்பட்டு! 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை ராஜ்ய அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு நிலையம் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என விளங்குவது அதுவே. நுரையீரலில் க்ஷயம் கண்ட 193 ஏழை நோயாளிகளை இரு பிரிவாகத் திருவுளச்சீட்டுப் போட்டதுபோல் பிரித்து, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும், மற்றவர்களை நெருக்கடியான அவர்களுடைய வீடுகளிலேயும் வைத்து, இருவருக்கும் ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல உணவு, நல்ல ஓய்வு. வீட்டிலோ இரண்டும் குறைவு. ஆயினும் 1959-ல் வெளியான முடிவு என்ன? ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் வீட்டிலும் ஏறக்குறைய அதே பலன்! வீட்டில் உடனிருந்தவர்களுக்கும் அதனால் அதிகமாக நோய் பரவவில்லை என்று பிற்பாடு கண்டார்கள். உலகம் முழுவதும் சானடோரியக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து நோயாளிகள் வீடு திரும்பியதில் அந்த ஏழைச் சென்னைவாசிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

"உங்கள் பிள்ளையை எங்கேயும் அனுப்ப வேண்டாம், அம்மா, வீட்டிலேயே மருந்து சாப்பிட்டால் போதும். அவர் சளியில் கிருமி இல்லை என்று பார்த்துவிட்டார்கள். வீட்டிலுள்ள எல்லோரும் ஒருமுறை பரிசோதித்துக்கொண்டால் தீர்ந்தது" என்று நான் சொன்னபோது, பாட்டியம்மாளுக்குப் பாதி நம்பிக்கை வந்தது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து, அரசாங்கத்தில் இலவசம். சத்துணவுக்கென்று 2018 முதல் கொடுத்துவந்த மாதம் 500 ரூபாய் 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ரிஃபாம்பிசின் என்ற மருந்தினால் சிறுநீர் செம்மஞ்சளாகும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஆனால் கண் மஞ்சளித்தாலோ, ஓயாமல் வாந்தி வந்தாலோ, பார்வை மங்கினாலோ உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

இரண்டாவது மாதத்தில் ஜுரம் நின்றது; சோறு இறங்கிற்று; தறிச் சத்தமும் மறுபடி கேட்டது. "உடம்பு தேவலை ஆயிடுச்சு, ஸார். இன்னும் எதுக்கு இந்த மாத்திரை?" என்றார் நெசவாளர். இங்கேதான் இந்த வியாதியின் இரண்டாவது சூழ்ச்சி இருக்கிறது. க்ஷயத்தால் சேர்ந்த நீர் மருந்தே சாப்பிடாவிட்டாலும் பலருக்குத் தானாகவே வற்றிவிடுவதுண்டு. மருந்தில்லாத காலத்தில் அப்படி 'குணமான'வர்களில் பலர் சில வருஷங்களுக்குள் நுரையீரலில் முற்றிய க்ஷயத்தோடு திரும்பி வந்தார்கள். வலியும் தானே போகிறது. நீரும் தானே போகிறது. கிருமி மட்டும் போவதில்லை. சுகம் வேறு, குணம் வேறு. இந்தத் தடவை நான் தலையை ஆட்டவில்லை. ஆறு மாதமும் முடிகிறவரை, தினமும் பள்ளிக்கூடத்துக்கு வரும் பையனிடம், "அப்பா மருந்து சாப்பிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வருணனைப் பற்றிச் சொன்னேன். வாயுவைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். என் பழைய மாணவன் ஒருவன், பத்தொன்பது வயது, பனைமரம் போல் உயரம், ஈர்க்குச்சி போல் உடம்பு. சும்மா நின்றுகொண்டிருந்தவனுக்குத் திடீரென்று மார்பில் சுருக்கென்று வலி, உடனே இளைப்பு. இங்கேயும் 'வாய்வு' என்றார்கள். இந்தத் தடவை அது உண்மையாகவே வாயுதான்! ஆனால் வயிற்று வாயு அல்ல. நுரையீரலின் உச்சியில் இருந்த சிறு கொப்புளம் வெடித்துக் காற்று வெளியே கசிந்துவிட்டது. உயரமாயும் ஒல்லியாயும் உள்ள வாலிபர்களுக்கு, முக்கியமாகப் புகை பிடிப்பவர்களுக்கு, இது வருவதுண்டு. க்ஷயத்தாலும், நாட்பட்ட இளைப்பு நோயாலும், விலா முறிவாலும் வரலாம். தட்டினால் கல்லோசைக்குப் பதில் வெறுங்குடத்தின் ஓசை கேட்கும். ஆனால் மூச்சுச் சத்தம் இராது. கொஞ்சம் காற்றானால் தானே உறிஞ்சிப் போகும். அதிகமானால் ஊசியாலோ குழாயாலோ எடுக்க வேண்டும்.

அந்தக் குழாயின் மறுமுனையை ஒரு புட்டியிலுள்ள நீருக்குள் அமிழ்த்தி வைப்பார்கள். உள்ளேயுள்ள காற்று குமிழியிட்டு வெளியேறலாம். வெளிக்காற்று உள்ளே போக முடியாது. வாயுவைத் திரும்ப விடாமல் வருணன் வாசலில் காவலிருக்கும் அந்த எளிய யுக்தி, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய டாக்டர் பூலோ கையாண்டது, இன்றும் மாறவில்லை. நோயாளியைப் பார்க்க வரும் உறவினர்களுக்கு ஒரு விண்ணப்பம்: காலில் இடறுகிறதென்று அந்தப் புட்டியைத் தூக்கிக் கட்டிலின்மேல் வைத்துவிடாதீர்கள்! மார்புக்குக் கீழேதான் அது இருக்க வேண்டும். மேலே போனால் நீர் மார்புக்குள் திரும்பும். குமிழி வருகிறதென்று பயந்து குழாயை மடக்கியும் பிடிக்காதீர்கள்.

சில சமயம் கிழிசல் ஒருவழிக் கதவு போலாகி, ஒவ்வொரு மூச்சுக்கும் காற்று உள்ளே சேர்ந்துகொண்டே போகும். இருதயமே ஒரு பக்கம் தள்ளப்படும். நாடி பலவீனமாகி உதடு நீலம் பாரித்தால் எக்ஸ்ரேக்குக்கூடக் காத்திராமல் டாக்டர் ஊசியைச் செலுத்தி உயிரைக் காப்பார். அங்கே நிமிஷங்களே கணக்கு.

ஆகவே, விலாவில் வலி என்றால் ஓமத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பாட்டிமார்களின் கோபத்துக்கு ஆளாக எனக்கு விருப்பமில்லை. ஒற்றடத்தோடு ஒரு கேள்வியும் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். மூச்சை இழுத்தால் குத்துகிறதா? மாலையில் ஜுரம் வருகிறதா? படியேறினால் முன்னைவிட இளைக்கிறதா? தேகம் மெலிகிறதா? ஏதேனும் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் டாக்டரின் விரல் ஒருமுறை முதுகைத் தட்டிப் பார்க்கட்டும். திடீரென்று வலியும் இளைப்பும் சேர்ந்து வந்தால் அந்த நிமிஷமே புறப்படுங்கள்.

ஆறாவது மாதக் கடைசி மாத்திரையை விழுங்கியபின் நெசவாளர் மறுபடி எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். டாக்டர் அம்மாள் படத்தைப் பார்த்துவிட்டு, முதுகையும் தட்டிப் பார்த்தார். இரு புறமும் ஒரே கார்வை. அன்று மாலை பாட்டியம்மாள் மறுபடியும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். வழக்கம்போல் எனக்கும் ஒரு மூடி வந்தது. இந்தத் தடவை அதைக் கூசாமல் வாங்கிக்கொண்டேன்.